கமலக்கண்ணனுக்குப் பாடிய ஒப்பாரி

நகரி
9 ஜூன் 2025

அண்ணனுக்கு தேவசேனா எழுதுவது.

நீ போனில் கூப்பிட்டதை எல்லாம் பார்த்தேன். வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. உன்னோடு பேசினால் அந்தப் பேச்சு எந்தப் புத்தகத்தில் போய் ஏறுமோ என்று பயமாக இருக்கிறது. காகிதத்தில் எழுதினால் என் குரல் உன் கையில் மாட்டாது. அதனால்தான் பத்தாம் வகுப்போடு மறந்த பேனாவைத் தேடி எடுத்திருக்கிறேன். தப்பு இருந்தால் திருத்திக்கொள், வாத்தியார்தானே நீ.

உன் இங்கிலீஷ் புத்தகம் எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது. எதிர்வீட்டு முனிசாமியின் மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள் அல்லவா, அவள் அட்டையில் நகரி என்று பார்த்துவிட்டு வாங்கினாளாம். உள்ளே ஒரு பக்கத்தில் கறுப்புக் கட்டம் இருக்கிறது. போனைக் காட்டினால் நான் என் வீட்டுக்காரர் உடம்பின் மேல் விழுந்து அழுத அழுகை வருகிறது. அந்தப் பெண் நல்ல மனதோடுதான் தெரு குரூப்பில் போட்டாள். "நம்ம தேவசேனா அத்தை குரல் உலகம் பூரா போவுது" என்று எழுதி, கைதட்டுகிற பொம்மை நான்கு வைத்திருந்தாள்.

மறுநாள் காலை என் வீட்டுக்காரரின் அண்ணன் கோவர்த்தனன் மாமா டீக்கடைக்குப் போயிருக்கிறார். யாரோ அதைப் போட்டுக் காட்டி, "இன்னாபா, தம்பிய டாக்டராண்ட போவ உடாம தறியில நிக்க வெச்சியாமே, அமெரிக்கா வரிக்கும் தெரிஞ்சி போச்சே" என்று கேட்டிருக்கிறான். மாமா டீயை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். தலை குனிந்தபடி என்னைத் தாண்டிப் போனார், நான் என்னவோ பெரிய ஆள் மாதிரி.

எங்கள் வழக்கம் உனக்குத் தெரியாததா? சாவு வீட்டில் பெண்கள் யாரை வேண்டுமானாலும் திட்டுவோம். சாமியை, டாக்டரை, மாமியாரை, செத்தவரையே திட்டுவோம். திட்டு வாங்கினவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. காரியத்தன்று அவர்களே வந்து, திட்டினவள் இலையில் முதல் சோறு போட வேண்டும். அதோடு தீர்ந்தது. அப்புறம் அந்தப் பேச்சை எடுப்பது மகா பாவம், எடுத்தால் அது பழியாகிவிடும். அவர் கருமாதியில் கோவர்த்தனன் மாமாதான் என் இலையில் சோறு போட்டார். பாதி கீழே சிந்தியது. அதற்குப் பிறகு ஒன்றரை வருடமாக ஒரே அடுப்பில்தான் சமைக்கிறோம். என் பெண் ஹரிதாவின் காலேஜில் கூப்பிட்டால் மாமாதான் போய் வருகிறார்.

நீ அதைத் திரும்ப எடுத்துவிட்டாய். உடனே நீக்கு.

தேவசேனா


திருப்பதி
14 ஜூன் 2025

என் அருமைத் தங்கை தேவாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். திருத்துவதற்கு ஒன்றுமில்லை. என் எம்.ஏ. மாணவர்களில் ஒருவருக்கும் இப்படி எழுத வராது. இதைச் சொன்னால் உனக்கு இன்னும் கோபம் வரும் என்று தெரியும், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

டீக்கடைக்காரர்கள் பேசுவதை நீ இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளலாமா? நாலு நாள் பேசுவார்கள், ஐந்தாம் நாள் வேறொருவன் கிடைப்பான். கோவர்த்தனன் மச்சான் பெரிய மனிதர், புரிந்துகொள்வார். நான் பெயர் எதையும் போடவில்லையே. ‘இறந்தவரின் அண்ணன்’ என்றுதான் இருக்கிறது. உன் பெயரை மட்டும் போட்டேன், அது மரியாதைக்காக. இத்தனை காலமாக நம் பெண்கள் பாடியதை எல்லாம் ‘பெயர் தெரியாதவர் பாடியது’ என்றே அச்சடித்தார்கள். என் தங்கை பெயர் தெரியாதவளா?

என்னைக் கொஞ்சம் நினைத்துப் பார். சித்தூரில் ஆங்கில விரிவுரையாளராகச் சேர்ந்த நாளிலிருந்து காலையில் வெள்ளைக்காரன் கவிதை நடத்திவிட்டு, மதியம் பஸ் பிடித்து கங்காதர நெல்லூர் நடவுக்காரிகளிடம் பாட்டுக் கேட்டு எழுதப் போய் உட்காருவேன். திரும்பி வந்தால் சக ஆசிரியர்கள் தெலுங்கில் கேலி செய்வார்கள். "ஏமண்டி, இன்றைக்கு எந்த ஊரில் சாவு?" என்பார்கள். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு நம் பாட்டு தெலுங்கு கலந்தது, இங்குள்ளவர்களுக்கு அது தமிழ். இரண்டு வீட்டிலும் இலை போடவில்லை. கடைசியில் ஆங்கிலத்தில்தான் அதற்கு ஓர் இடம் கிடைத்தது. முப்பத்திரண்டு வருட அலைச்சலுக்குப் பிறகு வந்த புத்தகம் இது.

அதில் மாப்பிள்ளை கமலக்கண்ணனுக்கு நீ பாடியதுதான் உயிர். இதைக் கேள்:

தறிக்கு எண்ணெ உட்ட கையி
தம்பி நெஞ்சத் தொட்டுப் பாக்கலியே
பாவு அறுந்தா நிறுத்துவாங்க
மூச்சு அறுந்தும் நிறுத்தலியே

தறியின் பாவு நூலையும் மூச்சையும் சேர்த்துக் கட்டிய இதை மொழிபெயர்க்க எனக்கு ஒரு மாதம் ஆனது. எடின்பரோவிலிருந்து ஓர் அம்மையார், படித்துவிட்டு அன்று முழுவதும் வேலை செய்ய முடியவில்லை என்று எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தைக் கிழித்தால் புத்தகத்தில் மிச்சம் இருப்பது என் முன்னுரை மட்டும்தான். அதை நானே படிக்க மாட்டேன்.

உண்மையைச் சொன்னால், ஆங்கிலப் புத்தகம்தானே, நகரியில் யார் படிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். அந்த நினைப்பு எனக்கே இப்போது வெட்கமாக இருக்கிறது.

போனை எடு. பதிவு செய்ய மாட்டேன்.

உன் அண்ணன்
நாகபூஷணம்


நகரி
20 ஜூன் 2025

அண்ணனுக்கு,

எடின்பரோ அம்மா ஒரு நாள் வேலை செய்யவில்லை. இங்கே கோவர்த்தனன் மாமா பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த அம்மாவுக்கு எழுது.

ஹரிதாவை விட்டு அந்தக் கட்டத்தைத் திறக்கச் சொல்லி முழுதாகக் கேட்டேன். முதல் கடிதம் எழுதும்போது கேட்கத் தைரியம் வரவில்லை. என் குரலை நானே கேட்பது அசிங்கமாக இருந்தது, யாரோ ஜன்னல் வழியாகப் பார்ப்பது போல. ஆனாலும் கேட்டேன். கேட்டதும்தான் நீ செய்திருப்பது தெரிந்தது.

நான் அன்றைக்கு முருகனைத் திட்டினேன். செத்துக் கிடந்தவரைத் திட்டினேன், நெஞ்சு வலிக்கிறது என்று தெரிந்தும் வீம்பு பிடித்தாய் என்று. அவருக்கு வேர்த்ததைப் புழுக்கம் என்று நினைத்து விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே என்று என்னையே திட்டினேன். இதெல்லாம் உன் புத்தகத்தில் இருக்கிறது. மாமாவைத் திட்டியதும் இருக்கிறது. நடுவில் ஒரு இடம் மட்டும் இல்லை. மறந்துவிட்டாயா, நான் எழுதிக் காட்டட்டுமா?

பெரிய டாக்டரத் தெரியுமின்னான்
பேசிட்டுச் சொல்றேன்னான்
கூட்டத்துல பாட்டு சொன்னான்
கூப்புட்டா எடுக்கலியே
படிச்ச அண்ணன் வந்து நிக்கிறான்
போனப் புடிச்சிக்கினு நிக்கிறான்

இது எங்கே போயிற்று?

அன்று நடந்தது உனக்கும் தெரியும். அவருக்குச் சாயங்காலம் வலி வந்தது. மாமா, "காலைல மொத பஸ்ஸுக்குப் போலாம், இந்தப் பாவு முடியட்டும்" என்றார். அவரும் சரி என்றார். நான்தான் கேட்காமல் உனக்குப் போன் செய்தேன். திருப்பதி பெரிய ஆஸ்பத்திரியில் உனக்குத் தெரிந்த டாக்டர் இருந்தார். "மீட்டிங்ல இருக்கேம்மா, பேசிட்டுச் சொல்றேன்" என்றாய். உன்னை நம்பி நாங்களும் உட்கார்ந்திருந்தோம். நீ திரும்பக் கூப்பிடும்போது அவர் இல்லை.

எல்லாரையும் திட்டினேன் அண்ணா, அதனால்தான் ஒருவர் மேலும் பழி நிற்கவில்லை. நீ உன்னை மட்டும் உருவிக்கொண்டு போய்விட்டாய். இப்போது ஊர் கேட்கும் பாட்டில் மாமா ஒருத்தர்தான் குற்றவாளி. காரியத்துக்கு நீயும்தான் வந்தாய், என் இலையில் நீயும்தான் சோறு போட்டாய். நான் அதைத் தின்றேனா இல்லையா?

இனிமேல் நீக்கச் சொல்ல மாட்டேன். கேட்டவர்கள் காதிலிருந்து அதைப் பிடுங்க முடியாது. முழுதாகப் போடு. உன்னைத் திட்டியதையும் சேர்த்துப் போடு. ஊர் அதையும் கேட்கட்டும்.

தேவசேனா

மாமா இப்போது தறிக் கொட்டகையிலேயே படுத்துக்கொள்கிறார். அவர் சம்சாரம் ருக்மணி அக்கா சாப்பாடு எடுத்துப் போனால் தட்டு திரும்பி வருகிறது.


திருப்பதி
2 ஜூலை 2025

தேவா,

பதில் எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது. நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

அந்தப் பகுதியில் ஒலி தெளிவாக இல்லை, பக்கத்தில் யாரோ இருமினார்கள், அதனால் வெட்டினேன் என்று முதல் காகிதத்தில் எழுதினேன். பிறகு அதைக் கிழித்தேன், ஏனென்றால் ஒலி நன்றாகத்தான் இருந்தது. பாட்டு நீளமாகிவிட்டது என்று இரண்டாவதில் எழுதினேன். அதுவும் உண்மையில்லை. பதிப்பகத்தார் இன்னும் இரண்டு பக்கம் கேட்டார்கள்.

வெட்டினேன், அவ்வளவுதான். உட்கார்ந்து கேட்கும்போது என் கை தானாகப் போயிற்று. அன்று கூட்டத்தில் ஒப்பாரியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன். ‘பாட்டு சொன்னான்’ என்று மட்டும் பாடினாய், என்ன பாட்டு என்று சொல்லாமல் விட்டாய். அது உனக்குத் தெரியுமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

முழுதாகப் போடுகிறேன். ஆனால் ஒரு வேண்டுகோள். இந்த மாதம் முப்பத்தோராம் தேதி நான் ஓய்வு பெறுகிறேன். மாணவர்கள் விழா எடுக்கிறார்கள். என் ஆய்வு மாணவி மோகனப்ரியா எல்லா ஏற்பாடும் செய்கிறாள். ஹைதராபாத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். உன் பாட்டை மேடையில் ஒலிக்க வைத்துவிட்டுத்தான் விழாவே தொடங்குகிறதாம். இந்த நேரத்தில் நான் போய், இதில் என்னைத் திட்டிய பகுதியை நானே வெட்டினேன் என்று எப்படிச் சொல்வேன்? முப்பத்திரண்டு வருடமும் அந்த ஒரு வெட்டில் போய்விடும். ஆய்வாளன் என்ற பெயரில் இனி யாரும் என்னை நம்ப மாட்டார்கள்.

விழா முடியட்டும். மறுநாளே போட்டுவிடுகிறேன். அதுவரை மச்சானிடம் நீ ஏதாவது சொல்லிச் சமாளி. ஒரு மாதம்தானே.

பூஷணம்


நகரி
13 ஜூலை 2025

அண்ணா,

கோவர்த்தனன் மாமா வீட்டை விட்டுப் போய்விட்டார். சத்தியவேடு பக்கம் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலையாம். அறுபது வயதில், தறியைப் பூட்டிவிட்டு, சீருடை போட்டு வாசலில் நிற்கிறார். அங்கே யாருக்கும் அவர் முகம் தெரியாது, அதனால் போனாராம். ஹரிதா பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அவளிடம், "அம்மாவ ஒண்ணும் சொல்லாத கண்ணு. அது சொன்னது நெசந்தான். நாந்தான் காலைல போலாம்னேன்" என்றாராம்.

பார்த்தாயா. அவரே நம்பிவிட்டார்.

ருக்மணி அக்கா என்னோடு நன்றாகத்தான் இருக்கிறாள். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. நேற்று காய் நறுக்கிக்கொண்டே, "உங்க அண்ணன் எப்ப போடறேன்னாரு?" என்று கேட்டாள். விழா முடிந்ததும் என்றேன். "ஓ, பேசிட்டுச் சொல்றேன்னாரா" என்றாள். அதற்கு மேல் நான் தலை தூக்கவில்லை.

உன் பெயர் போகும் என்று எழுதியிருக்கிறாய். நீ பெரிய ஆளாக வரவேண்டும் என்று நைனா தறி ஓட்டினார். நானும் பெருமைப்பட்டுக்கொண்டுதான் இருந்தேன். எங்கள் தெருவில் யாராவது இங்கிலீஷ் பேசினால்கூட, எங்கள் அண்ணன் இதைவிட நன்றாகப் பேசுவான் என்பேன். இப்போதும் உன் பெயர் கெட வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை. அவர் திரும்பி வரவேண்டும், அவ்வளவுதான். கெஞ்சிக் கேட்கிறேன் அண்ணா. விழா வரைக்கும் காத்திருக்காதே.

தேவா


திருப்பதி
3 ஆகஸ்ட் 2025

அன்புத் தேவா,

போட்டுவிட்டேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றது பிறகு. அந்தக் கட்டத்தைத் திறந்தால் இப்போது வெட்டாத பாட்டுதான், முதலிலிருந்து கடைசி வரை, நான் போன் பிடித்து நின்ற வரி உட்பட. கீழே ‘இதில் திட்டப்படும் படித்த அண்ணன் நான்தான், முன்பு வெளியிட்டபோது இந்தப் பகுதியை நான் நீக்கியிருந்தேன்’ என்று தமிழ், தெலுங்கு, ஆங்கிலம் மூன்றிலும் எழுதியிருக்கிறேன். உங்கள் தெரு குரூப்புக்கும் அனுப்பச் சொல்லி ஹரிதாவிடம் சொன்னேன்.

விழாவுக்கு முன்னால் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. விழா அரங்கம் நிறைந்திருந்தது. உன் குரலைப் போட்டார்கள். முடிந்ததும் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள், நானும் கைகூப்பிக்கொண்டு நின்றேன். என்னவோ நானே அழுது பாடினது போல. அப்போது முன் வரிசையில் இருந்து ஒரு பெண் எழுந்தாள், முதலாமாண்டு மாணவியாக இருக்கும். "சார், தம்பியைச் சாகவிட்ட அந்த அண்ணனுக்கு அப்புறம் ஏதாவது தண்டனை கிடைத்ததா?" என்று கேட்டாள்.

தேவா, பேச்சுதான் என் தொழில். தண்ணீர் குடித்தேன். மோகனப்ரியா சாமர்த்தியமாக அடுத்தவரை மேடைக்கு அழைத்துவிட்டாள். போர்த்திய சால்வைகளோடு வீட்டுக்கு வந்து, அன்றே முழுப் பாட்டையும் போட உட்கார்ந்தேன்.

மோகனப்ரியா நேற்று வந்தாள். "படிச்சேன் சார்" என்றாள். அவளுடைய ஆய்வேடு முழுவதும் என் பதிவுகளை நம்பி எழுதியது. வேறு எதையெல்லாம் வெட்டினீர்கள் என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எடின்பரோவிலிருந்து பதிலே இல்லை. போகட்டும். எனக்கு இப்போது நன்றாகத் தூக்கம் வருகிறது என்று எழுத ஆசை, ஆனால் வரவில்லை.

வெள்ளிக்கிழமை சத்தியவேடு போகிறேன். கம்பெனி வாசலிலேயே மச்சான் காலைப் பிடித்து, கையோடு நகரிக்கு அழைத்து வந்து விடுகிறேன். ருக்மணி அக்காவிடம் சொல்.

உன் அண்ணன்


நகரி
14 ஆகஸ்ட் 2025

அண்ணனுக்கு,

நீ வெள்ளிக்கிழமை போவதாக எழுதிய கடிதம், மாமாவை எடுத்த மறுநாள்தான் என் கைக்கு வந்தது. புதன்கிழமை வேலையில் நின்றபடியே விழுந்துவிட்டார் என்று கம்பெனியிலிருந்து சொன்னார்கள். நீ போட்டதை அவர் கேட்டாரா என்று தெரியவில்லை. ஹரிதா அவர் போனுக்கும் அனுப்பியிருந்தாள். போனைக் கொண்டுவந்து கொடுத்தார்கள், அது உடைந்திருந்தது. கேட்டிருப்பார் என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

மாமாவை எடுத்த அன்று நீ வந்து நின்றதும் போனதும் எனக்குத் தெரியும். உன்னிடம் யாரும் பேசவில்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டு போயிருப்பாய். என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீ வருவதற்கு முன்னால் பெண்கள் எல்லாம் கூடிவிட்டோம். எதிர்வீட்டு கங்கம்மாள் ருக்மணி அக்காவின் தோளைக் கட்டிக்கொண்டு முதல் அடி எடுத்தாள். அக்காவுக்கு உடம்பு குலுங்கியது. வாய் திறந்தது. எனக்குத் தெரியும், முதல் திட்டு எனக்குத்தான். உன் பாட்டாலதானேடி என் புருஷன் ஊர விட்டுப் போனான் என்று கேட்பாள். கேட்க வேண்டும். அதற்காகவே அவள் எதிரில், அவள் கைக்கு எட்டும் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

அப்போது உன் கார் வந்து நின்றது. "புரொபசர் வந்துக்கினு இருக்காரு" என்று யாரோ சொன்னார்கள். கங்கம்மாள் பாதி அடியில் நிறுத்திவிட்டாள். ஒவ்வொருத்தியும் சேலைத் தலைப்பை வாய்மேல் இழுத்துக்கொண்டாள். உன் கையில் மாலைதான் இருந்தது, போன் இல்லை, அதை நான் பார்த்தேன். ஆனால் அங்கே இருந்த யாருக்கும் அது போதவில்லை. நீ போன பிறகும் யாரும் தொடங்கவில்லை. எங்கள் தெருவில் பிறந்து எங்கள் தெருவில் கிழடான மனிதர், ஒரு அழுகைச் சத்தம் இல்லாமல் போனார். பந்தல்காரன் பாவம் பார்த்து ஸ்பீக்கரில் ஏதோ பக்திப் பாட்டுப் போட்டான்.

உன்மேல் இப்போது கோபம் இல்லை. நீ செய்ய வேண்டியதைச் செய்துவிட்டாய், தாமதமாகச் செய்தாய். இன்னும் எத்தனை தடவை இதையே எழுதுவது, எனக்குக் கை வலிக்கிறது. காரியத்துக்கு நீ வர வேண்டாம். ருக்மணி அக்கா சொல்லவில்லை, நான் சொல்கிறேன். யாரும் யாரையும் திட்டவில்லை, அப்புறம் யார் யார் இலையில் சோறு போடுவது?

அவளும் நானும் இதே வீட்டில்தான் இருக்கிறோம். வேறு எங்கே போவோம். சமைக்கிறோம், துணி துவைக்கிறோம், ஹரிதாவுக்கு டப்பா கட்டுகிறோம். என்னிடம் அன்பாகவே இருக்கிறாள். அந்த அன்பைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

நேற்று ஹரிதா காலேஜுக்குப் போனதும் நானே ருக்மணி அக்கா காலடியில் போய் உட்கார்ந்தேன். "என்னத் திட்டுக்கா. மனசுல வெச்சிக்கினு இருக்காத. வாயார ஒரு வாட்டி திட்டிடுக்கா" என்றேன். அவள் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினாள். ஜன்னலையும் சாத்தினாள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள். மடியைத் தடவிப் பார்த்தாள். போன் இல்லை என்று தெரிந்த பிறகும், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

தேவசேனா